'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962): திரையிடும் முன் எதைச் சொல்லி வைக்கலாம்?

காகிதக்கப்பல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் படக் குழுவில் பழைய படங்களைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பேசுவது வழக்கம். அடுத்தது திகில் படம், அதுவும் கறுப்பு வெள்ளையில் என்று முடிவாகியிருக்கிறது. படத்தைத் தேர்ந்தெடுத்து அறிமுகம் செய்யும் பொறுப்பு என்னுடையது. பலர் பரிந்துரைத்ததால் ஹெர்க் ஹார்வி இயக்கிய 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' படத்தை இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு பிரதியில் பார்த்தேன். (முடிவைப் பற்றியும் இங்கே பேசப்போகிறோம். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

நடுவில் ஓரிரு இடங்களில் உண்மையிலேயே உடம்பு சில்லிட்டது. கதாநாயகி மேரி துணிக்கடையில் உடை மாற்றிக்கொண்டு வெளியே வரும்போது உலகத்தின் சத்தமெல்லாம் நின்றுபோகிற காட்சி அதில் ஒன்று. விற்பனைப் பெண்ணுக்கு இவள் பேசுவது கேட்பதில்லை, யார் கண்ணுக்கும் இவள் தெரிவதும் இல்லை. அந்தக் காட்சியை மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன்.

ஆனால் மற்ற நேரமெல்லாம் கொஞ்சம் தடுமாறினேன். தொடக்கத்தில் கார்ப் பந்தயக் காட்சியில் பேச்சும் உதட்டசைவும் ஒட்டவே இல்லை. துணை நடிகர்கள் சிலர் வசனத்தை ஒப்பிக்கிறார்கள். ஆர்கன் இசை விடாமல் ஒலிக்கிறது. குழுவில் புதியவர்கள் நிறைய இருக்கிறார்கள், இதையெல்லாம் பார்த்து ஆரம்பத்திலேயே ஆர்வம் இழந்துவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது.

எந்தப் பிரதியைப் போடலாம்? படத்துக்கு முன் ஐந்து நிமிடம் பேசக் கிடைத்தால் நீங்கள் எதைச் சொல்வீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்.


பழையரீல் எழுதியது:

முதலில் பிரதியைப் பற்றிச் சொல்கிறேன். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளியாகும் பிரதியில் உரிமை அறிவிப்பு அச்சாகியிருக்க வேண்டும். திரையரங்குக்குப் போன பிரதியில் அது விடுபட்டுப்போனதால் படம் பொதுச் சொத்தாகிவிட்டது. கையில் ஒரு பிரதி இருந்தால் யார் வேண்டுமானாலும் போடலாம், விற்கலாம் என்ற நிலை. நள்ளிரவுத் தொலைக்காட்சியில் பல வருடம் ஓடி இந்தப் படம் உயிரோடு இருந்ததற்கு அதுதான் காரணம். நகலின் நகலை எடுத்த மோசமான பிரதிகள் இணையம் முழுக்கக் கிடப்பதற்கும் அதுவேதான் காரணம்.

நீளத்திலும் வேறுபாடு உண்டு. திரையரங்குகளுக்குப் போனது 78 நிமிடம். வெட்டுப்பட்ட பகுதிகளைச் சேர்த்த வடிவம் சுமார் 84 நிமிடம். பழைய படங்களை நல்ல தரத்தில் வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட மீட்டெடுத்த பதிப்பு கிடைத்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். வண்ணம் பூசிய பிரதியும் ஒன்று உலவுகிறது, அதைத் தொட வேண்டாம்.

இடத்தைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது வருகிறேன். படத்தில் ஏரிக் கரையில் கைவிடப்பட்டு நிற்கும் அந்தக் கேளிக்கை மண்டபம்தான் எனக்கு எல்லாம்.


ஒலிமேடை எழுதியது:

நான் ஒலிப்பதிவுத் துறையில் இருக்கிறேன். டப்பிங், ஃபோலி (காலடி போன்ற சத்தங்களைத் தனியாக உண்டாக்கிச் சேர்ப்பது), கடைசி மிக்ஸிங் என்று படத்தின் சத்தத்தோடு சம்பந்தப்பட்ட எல்லாமே செய்திருக்கிறேன். அதனால் இந்தப் படம் எனக்குக் காது வழியாகத்தான் உள்ளே வந்தது. ஐந்து நிமிடம் கொடுத்தால் முழுக்க ஆர்கனைப் பற்றியே பேசுவேன். நீங்கள் குறையாகச் சொன்ன அந்த ஆர்கனைப் பற்றித்தான்.

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியில் பட்டுச் சத்தம் எழும். எழுந்த நொடியிலிருந்தே அது தேயத் தொடங்கிவிடும், நீங்கள் விரலை எடுக்காமல் இருந்தாலும் தானாகவே ஓய்ந்துவிடும். கிதாரும் மணியும் அப்படித்தான். குழல் ஆர்கனில் அந்தத் தேய்மானம் கிடையாது. கட்டை அழுந்தியிருக்கும்வரை குழலுக்குள் காற்று போய்க்கொண்டே இருக்கும், சத்தம் அதே கனத்தில் நிற்கும். புல்லாங்குழல்காரருக்கு நடுவில் மூச்சு வாங்கியாக வேண்டும், ஆர்கனுக்கு அந்தத் தேவையும் இல்லை. இயல்பாக முடிய வேண்டிய ஒரு சத்தம் முடியாமல் நீண்டுகொண்டே போகும்.

இப்போது மேரியின் நிலையை நினைத்துப் பாருங்கள். கார் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. கூட இருந்த இரண்டு பெண்களும் திரும்பவில்லை. பல மணி நேரம் கழித்து, சேறு பூசிய உடையோடு இவள் மட்டும் மணல் திட்டில் எழுந்து வருகிறாள். எப்படிப் பிழைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் வாழ்க்கை அந்த ஆற்றோடு முடிந்திருக்க வேண்டும், ஆனால் யாரோ கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் விட்டதால் நீண்டுகொண்டே போகிறது. அந்தப் பெண்ணுக்குப் படம் கொடுத்த தொழில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பது. ஜான் கிளிஃபோர்ட் திரைக்கதை எழுதும்போது இவ்வளவும் யோசித்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. ஜீன் மூரின் ஆர்கன் இசையைக் கேட்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு இதுதான் தோன்றுகிறது.

ஆரம்பத்தில் ஒரு ஆர்கன் தொழிற்சாலைக் காட்சி வரும். கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் இருந்த ராய்ட்டர் ஆர்கன் கம்பெனியிலேயே எடுத்தது. நெடுநெடுவென்று குழல்கள், நடுவில் மேரி உட்கார்ந்து வாசிக்கிறாள், வேலைக்காரர்கள் நின்று கேட்கிறார்கள். அவள் கிளம்பும்போது அங்கிருக்கும் பெரியவர், அறிவு மட்டும் இருந்தால் இசைக்குப் போதாது, கொஞ்சம் ஆன்மாவையும் அதில் வை என்று அன்பாகச் சொல்லி அனுப்புகிறார். அவளோ தேவாலய வேலை தனக்கு வெறும் வேலைதான் என்கிறாள். முதல் முறை பார்க்கும்போது சாதாரண உரையாடலாகக் கடந்துபோகும். முடிவு தெரிந்தபின் திரும்பக் கேளுங்கள், அந்தப் பெரியவர் அவளிடம் எதைக் கேட்டார் என்று நெஞ்சில் குத்தும்.

அடுத்ததாகக் கார் வானொலிக் காட்சி. அந்தத் தேவாலய வேலைக்காக யூட்டா மாநிலத்தை நோக்கி இரவில் தனியாக ஓட்டிப் போகிறாள். வானொலியில் ஆர்கன் மட்டும்தான் வருகிறது. குமிழைத் திருகுகிறாள், அப்போதும் ஆர்கன்தான். அதுவரை அந்த இசையை நாம் பின்னணி இசை என்று நினைத்திருப்போம், நமக்காக மட்டும் போட்டது, பாத்திரத்துக்குக் கேட்காதது என்று. இந்தக் காட்சியில் அது அவள் காருக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் ஜன்னல் கண்ணாடியில், படம் முழுக்க அவளைத் தொடரப்போகும் ஆளின் வெளுத்த முகம் தெரிகிறது. பார்ப்பவர்கள் முகத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள். எனக்கு அந்தக் குமிழைத் திருகும் கையைப் பார்த்தால்தான் பயம்.

பிறகு தேவாலயத்தில் தனியாகப் பயிற்சி செய்யும்போது அவள் கையும் காலும் அவள் பேச்சைக் கேட்காமல் வேறு எதையோ வாசிக்கத் தொடங்குகின்றன. பாதிரியார் வந்து அவள் கைகளைப் பிடித்து நிறுத்தி, இது தெய்வ நிந்தனை என்று கத்தி, வேலையை விட்டு அனுப்புகிறார். மூன்று காட்சிகளில் அந்த இசை எப்படி இடம் மாறி வந்திருக்கிறது என்று பாருங்கள். முதலில் அவள் வாசித்தாள், அடுத்து அது அவளைத் தேடி வந்தது, கடைசியில் அது அவளை வாசிக்கிறது. உங்கள் குழுவினரிடம் இதை மட்டும் சொல்லுங்கள், ஆர்கனை அலுப்பாக யாரும் கேட்க மாட்டார்கள்.

பேச்சு ஒட்டாதது பற்றி: அது குறைதான். வேண்டுமென்றே செய்தது என்று சொல்லி அதைக் காப்பாற்ற எனக்கு விருப்பமில்லை. மொத்தச் செலவு சுமார் 33,000 டாலர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், மூன்று வாரப் படப்பிடிப்பு. வெளிப்புறத்தில் எடுத்துவிட்டுப் பிறகு குரல் சேர்த்த இடங்கள் அப்பட்டமாகத் தெரிகின்றன. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். திறந்த வெளியில் ஒருவர் பேசினால் காற்று, தூரம், பக்கத்து இரைச்சல் எல்லாம் குரலோடு கலந்து வரும். அறைக்குள் மைக் முன் பேசிச் சேர்த்த குரலில் அவை இருக்காது, குரல் இடத்தோடு ஒட்டாமல் தனியாக மிதக்கும். இந்தப் படத்தில் முதல் நிமிடத்திலிருந்தே மனிதர்களும் அவர்கள் குரலும் சற்று விலகித்தான் இருக்கிறார்கள். காது அதற்குப் பழகிவிடுகிறது. துணிக்கடையில் சத்தம் முழுசாகப் போகும்போது, ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது அங்கே உடைந்தது போல இருக்கிறது.

அந்தத் துணிக்கடைக் காட்சியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். வேலை அழைக்கிறது, இரவு வருகிறேன்.


சாரல் எழுதியது:

ஒலிமேடை சார் காது வழியாகச் சொன்னார். நான் ஒரு பெண் என்ற இடத்திலிருந்து சொல்கிறேன்.

இந்தப் படத்தில் எனக்கு அதிகப் பதற்றம் தந்தது வெள்ளை முகக்காரன் இல்லை, பக்கத்து அறைக்காரன் ஜான் லிண்டன். சிட்னி பெர்கர் அவ்வளவு துல்லியமாக நடித்திருக்கிறார். மேரி குளித்துவிட்டு வந்து கதவைத் திறக்கும்போது அவன் கண் போகும் இடம், காலையில் காபியைக் கொண்டுவந்து அதில் மது ஊற்றுவது, வேண்டாம் என்று சொன்னபின்னும் வாசலை விட்டு நகராமல் பேச்சை வளர்ப்பது. தனியாக ஒரு ஊரில் அறை எடுத்துத் தங்கிய எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கதவருகே நிற்கும் ஆளைத் தெரியும்.

படத்தில் வரும் ஆண்கள் ஒவ்வொருவரும் மேரிக்கு என்ன பிரச்சினை என்று அவளுக்கே எடுத்துச் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். உனக்குப் பக்தி போதவில்லை என்கிறார் பாதிரியார். உன் மனம் அதிர்ச்சியில் இருக்கிறது என்கிறார் மருத்துவர் சாமுவெல்ஸ். லிண்டனுக்கு அவள் விறைப்பானவள், ஒத்துழைக்காதவள். எனக்கு யாரும் தேவையில்லை, நான் இப்படித்தான் என்று அவள் நேராகச் சொல்கிறாள். அதை யாரும் காதில் வாங்குவதில்லை. துணிக்கடையில் அவள் குரல் யாருக்கும் கேட்காமல் போவதற்கு முன்பே அவளை யாரும் கேட்கவில்லை!

இதில் கொடுமை என்னவென்றால், கடைசியில் பயம் தாங்காமல் தனியாக இருக்க முடியாமல் அவள் அந்த லிண்டனையே கூட இருக்கச் சொல்லும் நிலை வருகிறது. அவன் நெருங்கும்போது கண்ணாடியில் தெரிவது அந்த வெள்ளை முகம். அவள் அலறுகிறாள். லிண்டன் அவளைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு ஓடிப்போகிறான்.

மேரியாக வரும் கேண்டஸ் ஹில்லிகாஸ் இறுக்கமாக நடிக்கிறார் என்று பலர் குறை சொல்வார்கள். நியூயார்க்கில் நடிப்புப் பயின்றவர் அவர், அந்த இறுக்கம் தெரிந்து செய்ததுதான் என்று நான் நினைக்கிறேன். சுற்றி இருப்பவர்கள் சிரிக்கச் சொல்லும்போது சிரிக்காத ஒரு பெண்ணை 1962-இல் ஒரு படம் நடுவில் நிறுத்தி, அவளை விட்டு விலகாமல் கடைசிவரை கூடவே போயிருக்கிறது. அறிமுகத்தில் இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.


நடுநிசி எழுதியது:

படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் மாற்றுக் கருத்து ஒன்று இருக்கட்டும்.

முடிவை ஒரு பெரிய அதிர்ச்சியாகச் சொல்லி யாரையும் உட்கார வைக்காதீர்கள். சாகும் தறுவாயில் உள்ளவனின் மனதில் ஓடும் நீண்ட கனவை ஆம்ப்ரோஸ் பியர்ஸ் 1890-லேயே சிறுகதையாக எழுதிவிட்டார். தனியாகக் கார் ஓட்டுபவரை ஒரே ஆள் வழிநெடுக மறித்து நிற்கும் கதையை 1941-இல் லூசில் ஃப்ளெட்சர் வானொலி நாடகமாக எழுதினார். 1960-இல் 'ட்விலைட் ஸோன்' தொடர் அதே கதையில் ஓட்டுநரைப் பெண்ணாக்கி எடுத்தது. அதனால் மேரி எப்போதோ இறந்துவிட்டாள் என்பதைப் பார்வையாளர் பாதிப் படத்திலேயே ஊகித்துவிடுவார். அப்போது மிச்சப் படம் நிற்க வேண்டுமே, அதுதான் என் கேள்வி.

மருத்துவர் பேசும் காட்சிகள் எனக்கு எப்போதுமே தொய்வுதான். பூங்காவில் பயந்து ஓடும் பெண்ணைப் பிடித்துத் தன் அலுவலகத்துக்கு அழைத்துப்போய் ஒரு மருத்துவர் உடனே மனநல விளக்கம் கொடுக்கிறார். அதுவரை நம்மைச் சுற்றி இருந்த மூட்டம் அங்கே கலைந்துவிடுகிறது.


ஒலிமேடை எழுதியது:

நடுநிசி சொன்ன மருத்துவர் காட்சி விஷயத்தில் முழு உடன்பாடு. படத்திலேயே பலவீனமான பகுதி அது. பிற்பாடு அவர் நாற்காலி திரும்பும்போது உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிகிற இடத்துக்காக மட்டும் பொறுத்துக்கொள்கிறேன். அந்த வெள்ளை முகக்காரனாக நடித்தது இயக்குநர் ஹார்வியேதான். படம் முழுக்க அந்தப் பாத்திரம் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

சாரல் அவர்கள் எழுதியதைப் படித்தபின் துணிக்கடைக் காட்சியை மறுபடி போட்டுக் கேட்டேன். இப்போது அதைச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் மௌனம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. ஆளே இல்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. அதற்கு ரூம் டோன் என்று பெயர். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி அதைத் தனியாகப் பதிவு செய்வோம். திரையில் யாரும் பேசாத நேரத்தில் அடியில் அது ஓடிக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டால் பார்ப்பவர்களுக்கு ஒலிபெருக்கி கெட்டுப்போய்விட்டது என்று தோன்றும், திரும்பி ஆபரேட்டர் அறையைப் பார்ப்பார்கள். ஆகவே அதை எடுக்கவே கூடாது என்பது பாலபாடம்.

இந்தப் படம் அந்தப் பாடத்தை மீறுகிறது. முதலில் பிம்பம் தண்ணீரில் பட்டது போல அலைகிறது, அந்த ஆறு திரும்ப வருகிற மாதிரி. அப்புறம் கடையின் சத்தம், தெருவின் சத்தம் எல்லாம் போய்விடுகின்றன. வெளியே சாலையைத் துளைக்கும் இயந்திரம் அதிர்ந்துகொண்டிருக்கிறது, அதிலிருந்து ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. மிச்சமிருப்பது அவள் குரலும் காலடிச் சத்தமும்தான். நான் அந்த வேலையைச் செய்திருந்தால் காலடிச் சத்தத்தையும் எடுத்திருப்பேன், அதுதான் சுலபமான வழி. இவர்கள் அதை விட்டுவைத்ததால்தான் காட்சி நம்மைப் பிடித்துக்கொள்கிறது. எல்லாமே ஊமையாகிவிட்டால் அவளுக்குக் காது கேட்கவில்லை என்று நினைப்போம். அவள் குதிகால் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்பதால், அவள் காதில் பழுதில்லை, உலகம்தான் விலகிப்போய்விட்டது என்று புரிகிறது. அவளோடு சேர்த்து நம்மையும் அந்தப் பக்கம் நிறுத்திவிடுகிறார்கள்.

பிறகு பூங்காவில் ஒரு மரத்தைத் தொடுகிறாள். ஒரு பறவைச் சத்தம் வருகிறது, அதன் பின்னால் உலகமே திரும்பி வருகிறது. கூட்டத்தின் இரைச்சலையோ கார் ஹாரனையோ போட்டு நம்மைத் திடுக்கிட வைத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு ஒரு சின்னப் பறவையின் குரலில் உயிரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மேரியின் முகத்தில் வரும் நிம்மதியைப் பாருங்கள், படத்தில் அவள் மனதாரச் சந்தோஷப்படும் நேரம் அது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

நடுநிசியின் கேள்விக்கு என் பதில் இந்தக் காட்சியிலேயே இருக்கிறது. அவள் இறந்துவிட்டாள் என்று நமக்கு முன்பே தெரிந்திருந்தால் இந்தக் காட்சி இன்னும் பலமாகிறது. மரத்தைத் தொட்டதும் பறவை கூவுகிறது, அவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றுகிறது, நமக்கு மட்டும் அது நிலைக்காது என்று தெரியும். அதனால் முடிவை ஒளித்துவைத்துக் காப்பாற்ற வேண்டியதில்லை. கன்சாஸ் ஆற்றிலிருந்து காரை இழுத்து, உள்ளே மூன்று பெண்களையும் காட்டும் அந்தக் கடைசிக் காட்சி இல்லாமலே, ஏரிக் கரையில் மேரியின் காலடித் தடங்கள் பாதியில் நின்றுபோவதோடு படத்தை முடித்திருந்தாலும் எனக்குச் சம்மதம்.


காகிதக்கப்பல் எழுதியது:

ஒலிமேடை அண்ணா, சாரல் அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. ஆர்கன் சத்தம் தேயாது என்ற விஷயத்தோடுதான் அறிமுகத்தைத் தொடங்கப்போகிறேன். லிண்டன் காட்சிகளைப் படம் முடிந்த பிறகு பேச வைத்துக்கொள்கிறேன், குழுவில் உள்ள பெண்கள் முதலில் தங்கள் மனதில் பட்டதைச் சொல்லட்டும்.

கடைசிக் காட்சி வேண்டாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காரை இழுத்து வெளியே எடுத்து, மேரியின் முகத்தைக் காட்டிய பிறகுதான் எனக்கு அவள்மேல் துக்கம் வந்தது. அதுவரை பயம் மட்டும்தான் இருந்தது.

பழையரீல் சார், மண்டபத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே?


பழையரீல் எழுதியது:

சொல்கிறேன். ஹார்வி லாரன்ஸ் நகரில் சென்ட்ரான் என்ற நிறுவனத்தில் கல்விப் படங்களும் தொழிற்சாலைகளுக்கான விளக்கப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர். கிளிஃபோர்டும் அங்கேயே வேலை பார்த்தவர்தான். ஹார்வி கலிஃபோர்னியாவிலிருந்து கன்சாஸுக்குக் காரில் திரும்பும் வழியில், சால்ட் லேக் சிட்டிக்கு அருகே பெரிய உப்பு ஏரியின் கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்ட்ஏர் கேளிக்கை மண்டபத்தைப் பார்த்தார். படத்துக்கு விதை அதுதான். அந்த மண்டபத்தில் இறந்தவர்கள் நடனமாட வேண்டும், மிச்சக் கதையை நீ பார்த்துக்கொள் என்ற மாதிரித்தான் கிளிஃபோர்டிடம் வேலையை ஒப்படைத்தார்.

சால்ட்ஏர் முதலில் 1893-இல் கட்டப்பட்டது. குவிமாடங்கள், வளைவுகள், ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தூண்கள்மேல் பெரிய நடனக் கூடம். ஒரு காலத்தில் ரயிலில் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து ஆடிப்பாடிய இடம். 1925-இல் தீப்பிடித்து அழிந்தது, திரும்பக் கட்டினார்கள். ஏரி நீர் உள்வாங்கிப்போய் மண்டபம் காய்ந்த உப்புத் தரையில் தனியாக நின்ற காலமும் உண்டு. 1958-இல் மூடிவிட்டார்கள். ஹார்வி கேமராவோடு போய் நின்றது அந்தக் காலியான கட்டடத்தில்தான். 1970-இல் அதுவும் எரிந்துபோனது. இப்போது சால்ட்ஏர் என்ற பெயரில் இருப்பது 1980-களில் வந்த வேறு கட்டடம்.

அதாவது நீங்கள் திரையில் பார்க்கும் அந்தத் தூண்கள், தோரணம் தொங்கும் கூரை, சரிந்து கிடக்கும் பலகைகள் எதுவும் செட் இல்லை. கலை இயக்குநர் ஒருவரை வைத்து லட்சக்கணக்கில் செலவழித்தாலும் அப்படி ஒரு இடத்தை உருவாக்க முடியாது என்பது என் கட்சி. ஒலிமேடை சத்தத்தைச் சொன்னார், நான் மண்டபத்துக்குள் வரும் வெளிச்சத்தைச் சொல்வேன். மேரி பகலில் தனியாக அங்கே சுற்றும் காட்சியில் மரீஸ் ப்ரேதரின் ஒளிப்பதிவைப் பாருங்கள். பட்டப்பகல், சுற்றிலும் வெயில், ஆனாலும் அவள் நடக்கும் இடமெல்லாம் கம்பி கம்பியாக நிழல் விழுகிறது. மங்கலான இணையப் பிரதியில் அந்த நிழலெல்லாம் ஒரே சாம்பல் திட்டாகிவிடும். நல்ல பிரதி வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ஹார்வி இதற்கப்புறம் முழுநீளக் கதைப்படம் எதையும் முடிக்கவில்லை, சென்ட்ரானில் தன் வேலையைத் தொடர்ந்தார். 1989-இல் படம் மறுபடி திரையரங்குகளுக்கு வந்து கொண்டாடப்பட்டதை அவர் பார்த்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். 1996-இல் இறந்தார்.


ஒலிமேடை எழுதியது:

காகிதக்கப்பல், கடைசிக் காட்சி பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குழுவில் அதையே விவாதத்துக்கு விடுங்கள், நல்ல பேச்சு கிளம்பும்.

திரையிடலுக்குச் சில விஷயங்கள். இது ஒற்றைத் தட ஒலி, மோனோ. ஆம்ப்ளிஃபையரில் சரவுண்ட், தியேட்டர் எஃபெக்ட் என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிடுங்கள். ஆர்கன் நாலு பக்கமும் சிதறினால் அதன் அழுத்தம் போய்விடும். திரைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நல்ல ஒலிபெருக்கி இருந்தால் போதும்.

இரைச்சல் நீக்கி எதையும் போடாதீர்கள். பழைய படச்சுருளில் ஒலி என்பது ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்திருக்கும், தூசியும் கீறலும் பட்டால் அதுவும் சத்தமாகவே வரும். மீட்டெடுத்த பதிப்பில் அதை அளவோடு சுத்தம் செய்திருக்கிறார்கள். அதற்குமேல் நாம் கை வைத்தால் துணிக்கடைக் காட்சியில் மேரியின் காலடிச் சத்தத்தின் கூர்மைதான் முதலில் போகும்.

ஒலி அளவை ஆர்கன் தொழிற்சாலைக் காட்சியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அங்கே குழல்களின் கனம் நெஞ்சில் தெரிய வேண்டும், காது வலிக்கக் கூடாது. ஒரு முறை வைத்துவிட்டால் படம் முடியும்வரை குமிழைத் தொட வேண்டாம். துணிக்கடைக் காட்சியில் சத்தம் போனதும் யாராவது எழுந்து ஒலியைக் கூட்ட ஓடி வருவார்கள். அவரை உட்காரச் சொல்ல ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி வையுங்கள். அந்த அறையில் மின்விசிறி ஓடினால் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் அதை அணைக்க முடியுமா என்றும் பாருங்கள்.